துறைக்கு ஒருத்தர்

மகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்டதும் பெரியவளுக்கு வயிறு பற்றிக்கொண்டது. கல்லூரியில் கணக்கு நடத்துகிறவள் கீழே அடுப்படியில் கரண்டியும் கையுமாக நிற்கிறாள். அவள் பெற்ற பெண் பின்னக் கணக்குக்குச் சந்தேகம் கேட்க மாடிக்குப் போகிறது.

"ஏய், எங்கடி போறே? இங்க உட்காந்து கேளு."

"அத்தை சொன்னா புரியுதும்மா. நீ சொன்னா பயமா இருக்கு."

கூடத்தில் உட்கார்ந்து கண்ணைக் கழுவிக்கொண்டிருந்த புருஷன் சிரித்தான். வெல்டிங் பட்டறைக்காரன். நெருப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் எப்போதும் சிவந்தே இருக்கும். "புள்ள பொய் சொல்லாது. எனக்கும் அப்படித்தான் இருக்கு," என்றான்.

"உங்களுக்கு உங்க தங்கச்சின்னா வாயெல்லாம் பல்லு."

"இருக்கிறது ஒரு தங்கச்சி. அவளைப் பார்த்துச் சிரிக்காம உன் கரண்டியைப் பார்த்தா சிரிப்பாங்க?"

மாடி அறையில் இருந்தவள் அவனுடைய தங்கை. இன்னும் கல்யாணமாகவில்லை. அண்ணியும் நாத்தனாரும் ஒரே கல்லூரி, ஒரே கணக்குத் துறை. மாணவர்கள் ஒருத்திக்குப் பெரிய கணக்கு என்றும் இன்னொருத்திக்குச் சின்னக் கணக்கு என்றும் பேர் வைத்திருந்தார்கள். அந்தப் பேர் பஸ் ஏறி வீடு வந்து, வீட்டிலும் பெரியவள், சின்னவள் என்றே நின்றுவிட்டது. வேலை வாங்கிக் கொடுத்தது பெரியவள்தான். துறைத்தலைவர் மேஜை முன்னால் நின்று, "நம்ம பொண்ணு சார், நல்லாப் படிச்சவ," என்று அவள் சொல்லியிருக்காவிட்டால் சின்னவள் இன்னும் டியூஷன் எடுத்துக்கொண்டிருப்பாள். சொன்ன வாயைப் பெரியவள் பிறகு பல தடவை நொந்துகொண்டாள்.

ஏனென்றால் சின்னவள் வந்ததிலிருந்து மாணவர்கள் சந்தேகம் கேட்க அவள் மேஜையைத்தான் மொய்த்தார்கள். அவள் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போனால் அடுத்த வகுப்புக்காரர் அதை அழிக்க மனசில்லாமல் ஓரமாக எழுதுவார். பெரியவள் எழுதியதை அவள் வாசலைத் தாண்டுவதற்குள் அழித்துவிடுவார்கள். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

இரண்டு பேருக்கும் மணிக்கூலி. மணி அடித்து வகுப்புக்குள் போனால் காசு, இல்லையென்றால் இல்லை. பக்கத்து மேஜையில் நிரந்தர ஆசிரியர் அதே பாடத்தை நடத்திவிட்டு மாதச் சம்பளம் வாங்குவார். இழுப்பறை வைத்த மேஜை, பூட்டு, சாவி எல்லாம் அவருக்கு உண்டு. மணிக்கூலிக்காரர்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரவேண்டும். பெரியவள் செங்கல் சூளையில் வளர்ந்தவள். அப்பனும் ஆத்தாளும் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசி அறுப்பார்கள். அறுத்துக் காயப்போட்ட கல் மழையில் கரைந்தால் கூலியும் கரைந்துபோகும். படித்தால் இதிலிருந்து தப்பிக்கலாம் என்றார்கள். படித்தாள். மழை பெய்தால் கல்லூரிக்கு விடுமுறை விட்டார்கள். அன்றைக்குக் கூலி கிடையாது. அங்கே கையில் சிவப்பு மண், இங்கே வெள்ளைச் சுண்ணாம்பு, வேறு வித்தியாசம் அவளுக்குத் தெரியவில்லை.

இதைவிடக் கொடுமை 'வெட்டு'. கடைசிப் பரீட்சை முடிந்த அன்றைக்கு மணிக்கூலிக்காரர்கள் எல்லோரையும் வேலையிலிருந்து எடுத்துவிட்டு, கோடை முடிந்து கல்லூரி திறக்கும்போது புதுசாகச் சேர்ப்பதுபோல் சேர்த்துக்கொள்வார்கள். எத்தனை வருஷம் உழைத்தாலும் ஒவ்வொரு வருஷமும் நீ நேற்றுச் சேர்ந்தவள்தான்.

இந்தப் பருவத்தில் அவர்கள் சங்கம் துணிந்துவிட்டது. பாடம் நடத்துவோம், பரீட்சைத்தாள் திருத்துவோம், மதிப்பெண்ணை மட்டும் கொடுக்கமாட்டோம் என்று தீர்மானம் போட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கட்டிலுக்கு அடியில் தாள்கட்டுகள் கிடந்தன. ரிசல்ட் வராததால் பெற்றவர்கள் கல்லூரி வாசலுக்கு வந்து கேட்க ஆரம்பித்தார்கள். அப்புறம்தான் நிர்வாகம் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டது.

சங்கத்தின் சார்பில் மூன்று பேர் போனார்கள். செயலாளர் இயற்பியல்காரர், பட்டப்பேர் ஸ்பீக்கர். ரகசியம் பேசினாலும் நாலு அறை தாண்டிக் கேட்கும். இரண்டாவது ஆள் வரலாற்று ஆசிரியர். வயதானவர், கண்ணை மூடிக்கொண்டுதான் உட்காருவார், தூங்குகிறாரா யோசிக்கிறாரா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மூன்றாவது பெரியவள். "அம்மாவுக்குக் கோபம் வரும், அது நமக்கு வேணும்," என்று சொல்லி ஸ்பீக்கர்தான் அவளைச் சேர்த்தார்.

முதல்வர் அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். இந்தப் பக்கம் ஒரு ஜாடி, மூன்று பேருக்கும் சேர்த்து இரண்டு டம்ளர். முதல்வர் எதையோ கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். பேசியதெல்லாம் நிர்வாகத்தின் வக்கீல். நல்ல பல்வரிசை, நல்ல பேச்சு.

"உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியாம இல்ல. எல்லாரையும் ஒரே நாள்ல மாதச் சம்பளத்துக்கு எடுக்க முடியாது. ஆனா இடைவெளி இல்லாம வேலை செஞ்சவங்க ஒன்பது பேர் இருக்காங்க. அவங்களை இந்த மாசமே எடுத்துக்கறோம். மத்தவங்களுக்கு மணிக்கூலி கொஞ்சம் உயரும்."

"இடைவெளி இல்லாமலா?" ஸ்பீக்கருக்குப் புரியவில்லை. "வருஷா வருஷம் எல்லாருக்கும் வெட்டு விழுதே."

"கோடையில தாள் திருத்தற முகாமுக்குப் போனவங்களுக்கு விழல சார். அவங்களை வேலையில வச்சுக்கிட்டுத்தானே அனுப்பறோம்."

வக்கீல் பேர்களைப் படித்தார். தாவரவியல், வேதியியல், பொருளாதாரம் என்று துறைக்கு ஒரு பேராக வந்தது. கணக்குத் துறை வந்தபோது பெரியவள் தன் பேரைக் கேட்கத் தயாராகத்தான் இருந்தாள். அந்தத் துறையில் மணிக்கூலிக்கு அவளைவிட மூத்தவர் கிடையாது. வக்கீல் வாசித்தது சின்னவள் பேரை.

காதில் ஏதோ அடைத்துக்கொண்டதுபோல் ஆயிற்று அவளுக்கு. மற்றவர்கள் பேசியது எதுவும் உள்ளே போகவில்லை. அந்தத் தகரக் கொட்டகை மட்டும் கண்ணில் நின்றது.

கல்லூரிக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில்தான் கோடை முகாம். வேறு வேறு கல்லூரிகளிலிருந்து தாள் மூட்டைமூட்டையாக வந்து இறங்கும். மேலே தகரம், கீழே மர பெஞ்சு, ஒரு ஃபேன். வேர்வை சொட்டித் தாள் நனையும். ஒரு தாளுக்கு ஒரு டீக்கூட ஒழுங்காகக் குடிக்க முடியாத காசு. துறைக்கு ஒருத்தர் கட்டாயம் போகவேண்டும் என்று விதி. நிரந்தர ஆசிரியர்கள் அந்தப் பக்கம் தலைவைத்தே படுக்கமாட்டார்கள். மணிக்கூலிக்காரர்களில் யாருக்கு வாய் இல்லையோ அவர் தலையில் விழும். ஒவ்வொரு கோடையிலும் பெரியவள், "நீ போடி. எனக்குப் புருஷன் புள்ளை இருக்கு. உனக்கென்ன, தனி ஆளு," என்று சின்னவளைத் தள்ளிவிட்டாள். ஒரு வருஷம் அவளுக்கு வேர்க்குரு வெடித்துப் புண்ணாகிவிட்டது. வேர்க்குருப் பவுடர் வாங்கிக் கொடுத்துவிட்டு மறுபடியும் அனுப்பினாள். தலைவலி போயிற்று என்று கோடை முழுக்க வீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்தாள்.

தள்ளிவிட்டவள் கீழேயே கிடக்கிறாள். தள்ளப்பட்டவள் மேலே போய் உட்கார்ந்திருக்கிறாள். தன் கையாலேயே அவளுக்கு ஏணி பிடித்திருக்கிறாள், வருஷா வருஷம், தவறாமல்.

வெளியே வந்ததும் ஸ்பீக்கர் குதித்தார். "ஒன்பது பேரும்மா! கைக்கு வந்திருக்கு. நாளைக்குப் பொதுக்கூட்டத்துல சொல்லிடலாம். அதுவரைக்கும் வீட்டுலகூட மூச்சு விடாதீங்க."

"ஒன்பது பேர் வழக்குப் போட்டா ஜெயிச்சிடுவாங்க, அதான் தூக்கிக் குடுக்கறான்," என்றார் வரலாற்றுக்காரர், கண்ணைத் திறக்காமல். "ஒன்பது கட்டு மதிப்பெண்ணும் அவன் கைக்குப் போயிடும்."

அவர் சொன்ன நியாயத்தைப் பெரியவள் இறுகப் பிடித்துக்கொண்டாள். முங்குகிறவளுக்குக் கட்டை கிடைத்ததுபோல.

வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. சட்டியை நங்கென்று வைத்தாள். கதவை நங்கென்று சாத்தினாள். சின்னவள் மாடியிலிருந்து இறங்கி வந்து, "என்ன அண்ணி சொன்னாங்க? ஏதாவது தேறுமா?" என்று கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியாத வெள்ளந்தித்தனம்.

"நாளைக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியறப்ப உனக்கும் தெரியட்டும். உனக்கு மட்டும் முன்னாடியே சொல்லணுமா?"

"இல்ல அண்ணி, சும்மா கேட்டேன்."

"சும்மா எதுக்குக் கேக்கறே?"

புருஷன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "பட்டறையில கேஸ் கசிஞ்சா இப்படித்தான் ஒரு வாடை வரும். நான் தள்ளி உட்காந்துக்கறேன்," என்றான். சின்னவள் சிரிப்பை அடக்கினாள். பெரியவள் அவள் அடக்கியதையும் பார்த்தாள்.

மறுநாள் பொதுக்கூட்டம் சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையில் நடந்தது. சங்கத்துக்கு நிர்வாகம் அறை கொடுக்காது. சைக்கிள் கேரியரிலும் கல்லிலும் தரையிலுமாக உட்கார்ந்தார்கள். ஸ்பீக்கர் செய்தியைச் சொல்லி ஒன்பது பேரையும் வாசித்தார். சின்னவள் தன் பேரைக் கேட்டதும் வாயில் கைவைத்தாள். பக்கத்திலிருந்த தாவரவியல்காரர் அவள் முதுகில் தட்டினார். ஒன்பது பேரும் தங்களை அறியாமலேயே ஒரு மூலையில் நகர்ந்து நகர்ந்து ஒன்று சேர்ந்துவிட்டார்கள். மாதச் சம்பளத்துக்கும் ஒரு வாசனை உண்டுபோல.

"கைக்கு எட்டினதை விடக்கூடாது தோழர்களே," என்றார் ஸ்பீக்கர். "இந்த வருஷம் ஒன்பது, அடுத்த வருஷம் இன்னும் ஒன்பது."

பெரியவள் எழுந்தாள்.

"அடுத்த வருஷம்னு யாரு எழுதிக் குடுத்தா? நான் சூளையில வளந்தவ. சூளைத் தரையில நின்னா பாதம் வெந்துடும். முதலாளி ஒன்பது பேருக்கு மட்டும் செருப்புக் குடுத்தா மிச்சப்பேர் கால் ஆறிடுமா? செருப்புப் போட்டவன் அப்புறம் சூடா இருக்குன்னு சொல்வானா? நம்மகிட்ட இருக்கிறது கட்டிலுக்கு அடியில கிடக்கிற தாள்தான். அதுல ஒன்பது கட்டை உருவிட்டா மிச்சம் பழைய பேப்பர். எல்லாருக்கும் இல்லாத சம்பளம் எனக்கு வேண்டாம்!"

"உங்களுக்கு எங்க குடுத்தாங்க?" என்றார் தாவரவியல்காரர். "தட்டுல விழவே இல்ல, வேண்டாம்னு யாருகிட்ட சொல்றீங்க?"

கொட்டகை சிரித்தது. பெரியவளுக்குக் கழுத்திலிருந்து காது வரைக்கும் சூடு ஏறியது. மூலையில் சின்னவள் சிரிக்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையிலிருந்து தப்பிக்கவே பெரியவள் இன்னும் உரக்கக் கத்தினாள்.

"சரி, எனக்குக் குடுக்கல. இங்க இருக்கிற முக்காவாசிப் பேருக்குக் குடுக்கல. வெயில்ல வெந்தது நீங்க, ஒத்துக்கறேன். ஆனா வருஷம் பூரா தொண்டை கிழிய நின்னவங்க யாரு? பச்சைப்புள்ளைய வீட்டுல விட்டுட்டு வந்து பாடம் நடத்தின நம்ம ஆங்கிலக்காரி எங்க போவா? அவளுக்கு ஏன் வெட்டு?"

ஆங்கிலக்காரி விசும்பியேவிட்டாள். கைதட்டல் தகரத்தில் மோதி இறங்கியது. யாரோ சைக்கிள் மணியை அடித்தார்கள், பிறகு எல்லோரும் அடித்தார்கள். பெரியவளுக்கு வாழ்நாளில் இவ்வளவு கைதட்டல் கிடைத்ததில்லை. சொன்ன ஒவ்வொரு சொல்லும் நியாயம் என்று அவளுக்குத் தெரிந்தது. சின்னவள் பேருக்குப் பதிலாகத் தன் பேர் வந்திருந்தால் இதில் ஒரு சொல்லைக்கூடச் சொல்லியிருக்கமாட்டாள் என்பதும் தெரிந்தது.

நிர்வாகம் சொன்னதை மறுப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் ஸ்பீக்கர், சோர்ந்துபோய். கைகள் எழுந்தன. ஒன்பது பேர் இருந்த மூலையில் எட்டுப் பேர் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். சின்னவள் கையைத் தூக்கினாள். வெட்கப்பட்டு அரையும் குறையுமாக இல்லை. வகுப்பில் விடை தெரிந்த பெண் தூக்குவதுபோல நேராகத் தூக்கினாள்.

"லூசா நீ?" என்று தாவரவியல்காரர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் உதறிவிட்டு மறுபடியும் தூக்கினாள்.

பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். பெரியவளால் பொறுக்க முடியவில்லை.

"ஏண்டி கையைத் தூக்கினே?"

"நீங்கதானே தூக்கச் சொன்னீங்க."

"உன்னையா சொன்னேன்?"

"எல்லாரையும் சொன்னீங்க. அதுல நான் இல்லையா?"

"நடிக்காதே. கைக்கு வந்த சோத்தைத் தள்ளிட்டு என்னமோ தியாகி மாதிரி நிக்கறே. உங்க அண்ணன் கேட்டா நான் என்ன சொல்றது?"

சின்னவள் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள். "அண்ணி, என் பேரு வந்ததாலதான் நீங்க பேசினீங்க. எனக்குத் தெரியும். கழுத்து சிவந்திருந்துச்சு. அண்ணன் எனக்கு ஃபேன் வாங்கி மாட்டின அன்னைக்கும் இப்படித்தான் சிவந்துச்சு."

"வாயை மூடுடி."

"மூடிக்கறேன். ஆனா சொன்னது சரி. வயித்தெரிச்சல்ல சொன்னாலும் ரெண்டும் ரெண்டும் நாலுதானே? நான் சும்மா ஒண்ணும் விடல. நேத்து ராத்திரி முழுக்க, அந்த மாதச் சம்பளம் வந்தா என்ன வாங்கலாம்னு நினைச்சுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன், வருமா வராதான்னு தெரியாமலே. இப்ப வந்துச்சு, போயிடுச்சு. மறுபடி பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவாங்க, உள்ளே போய் உட்காருங்க. இன்னைக்கு என்மேல எரிஞ்ச அந்த எரிச்சலை அந்த வக்கீல்மேல காட்டுங்க. என்கிட்ட காட்டி என்ன வரப்போகுது? நானே மணிக்கூலி."

பஸ் வந்தது. ஒரே ஒரு சீட் காலி. "நீங்க உட்காருங்க அண்ணி," என்றாள் சின்னவள். பெரியவள் உட்காரவில்லை. வேறு யாரோ உட்கார்ந்தார்கள். வீடு வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு உள்ளே ஒன்றுதான் ஓடியது. இவளிடம் வயசு இருந்தது. கையெழுத்து இருந்தது. என் பெண்ணும் இவளிடம் போகிறாள். இதெல்லாம் போதாதென்று இப்போது நல்ல மனசும் இவளிடமே இருக்கிறது. எனக்கென்று இந்த உலகத்தில் எதை மிச்சம் வைப்பாள்?

வக்கீல் மறுபடி கூப்பிட்டபோது வாசலில் பெற்றவர்கள் கூட்டம் பெருத்திருந்தது. ஒரு தகப்பன் கேட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். வக்கீலின் பல்வரிசை அப்படியேதான் இருந்தது.

"முகாம் கணக்கு உங்களுக்குப் பிடிக்கல. சரி, விட்டுடுவோம். சேர்ந்த தேதியை வச்சு எடுப்போம். யாரு முதல்ல சேர்ந்தாங்களோ அவங்கள்ல ஒன்பது பேர். அனுபவத்துக்கு மரியாதை. என்ன சொல்றீங்க?"

ஸ்பீக்கர் பேர்களைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பெரியவளைப் பார்த்து, அவர் வரையில் ரகசியமாக, "அம்மா, உங்க பேரு ரெண்டாவதா இருக்கு," என்றார். வெளியே நின்ற கடைநிலை ஊழியருக்கும் கேட்டிருக்கும்.

பெரியவளும் பார்த்தாள். அவள் பேர் இருந்தது. சின்னவள் பேர் இல்லை. எதற்காக வயிறெரிந்தாளோ அது தட்டில் வைத்து எதிரே நீட்டப்பட்டிருந்தது. இழுப்பறை வைத்த மேஜை, சாவி, மழை பெய்தாலும் கரையாத சம்பளம். மகளிடம், "இனிமே அம்மாகிட்ட கேளுடி," என்று சொல்லலாம். நாக்கில் எச்சில் ஊறியது. ஊறவில்லை என்று சொன்னால் பொய்.

"உங்க நாத்தனாரும் இங்கதான் வேலை செய்யறாங்கன்னு கேள்விப்பட்டேன்," என்றார் வக்கீல், உறவுக்காரர்போல. "துறைக்கு ஒருத்தர் மாதிரி வீட்டுக்கு ஒருத்தர். போதாதாம்மா?"

அப்போது அந்தக் கை நினைவுக்கு வந்தது. எட்டுப் பேர் நடுவில் நேராக எழுந்த கை. இதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று பெரியவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. சின்னவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள். "ரொம்பச் சந்தோஷம் அண்ணி," என்று சிரிப்பாள். மாசம் பிறந்து சம்பளம் கைக்கு வரும்போதெல்லாம் அது அவள் விட்டெறிந்த எச்சில்போல இருக்கும். சாகிறவரைக்கும் அவள் உசரத்தில் நிற்பாள், நான் கீழே நின்று நக்கிக்கொண்டிருப்பேன். அதைவிட மணிக்கூலியே தேவலை.

"வேண்டாம்," என்றாள்.

வக்கீல் தப்பாகக் கேட்டுவிட்டதுபோல முன்னால் சாய்ந்தார். "அம்மா, இது உங்களுக்குச் சாதகமான பட்டியல்."

"தெரியும் சார். அதான் வேண்டாங்கறேன்."

வரலாற்றுக்காரர் கண்ணைத் திறந்தார்.

"ரெண்டையும் சேருங்க," என்றாள் பெரியவள். "முகாம்ல வெந்தவங்களும் வேணும், முதல்ல சேர்ந்தவங்களும் வேணும். ரெண்டு பட்டியலும் நீங்க எழுதினதுதான். ரெண்டு நியாயமும் உங்க வாயாலதான் வந்துச்சு. அப்புறம் இந்தக் கோடையிலேருந்து ஒருத்தருக்கும் வெட்டு கூடாது. வெட்டு இல்லன்னா எல்லாருக்கும் இடைவெளி இல்லாம போயிடும். உங்க கணக்குப்படியே ஒவ்வொருத்தரா உள்ளே வந்துடுவாங்க."

"பேராசைப்படறீங்க."

"ஆமா சார். பக்கத்து மேஜைக்காரர் சம்பளத்தைப் பார்த்து எனக்கு வயிறெரியுது. அதே பாடம், அதே பசங்க, அதே கரும்பலகை. அவருக்குப் பூட்டும் சாவியும், எனக்கு மடியில பை. நீங்க ஆளுக்கொரு பாட்டில் தண்ணி வச்சிருக்கீங்க, எங்க மூணு பேருக்கு ரெண்டு டம்ளர். அதைப் பார்த்தும் எரியுது. எரியற வயிறு சும்மா போகாது. கட்டில் அடியில தாளுக்குக் கரையான் வந்தா வரட்டும்."

முதல்வர் கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிட்டு, தன் பாட்டிலை மெதுவாக மேஜைக்கு அடியில் வைத்தார்.

ஒரே நாளில் முடியவில்லை. வாரக்கணக்கில் இழுத்தார்கள். நடுவில் தாவரவியல்காரர் தன் கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டதாகப் புரளி கிளம்பியது. அவர் அழாத குறையாகக் கட்டைச் சைக்கிளில் வைத்து எடுத்து வந்து காட்டிவிட்டுப் போனார். கடைசியில் இரண்டு பட்டியலையும் சேர்க்க ஒப்புக்கொண்டார்கள். வெட்டை நிறுத்த ஒப்புக்கொண்டார்கள். மணிக்கூலியைக் கேட்டதில் பாதிகூட உயர்த்தவில்லை. ஆங்கிலக்காரி இரண்டு பட்டியலிலும் வரவில்லை, ஆனால் அந்தக் கோடையில் அவளுக்கு வேலை போகவில்லை. "பாதிக் கிணறு," என்றார் ஸ்பீக்கர். "விழாம நிக்கலாம், அவ்வளவுதான்," என்றார் வரலாற்றுக்காரர்.

அறிவிப்புப் பலகையில் பேர்கள் ஒட்டினார்கள். முதலில் முகாம்காரர்கள், கீழே சேர்ந்த தேதிக்காரர்கள். சம்பளம் ஒன்றுதான். ஆனாலும் சின்னவள் பேர் மேலே இருந்தது. பெரியவள் பலகை முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

"ரெண்டு சம்பளம். இனிமே நான் பட்டறைக்குப் போகணுமா?" என்று புருஷன் கேட்டான்.

"போங்க. உங்க தங்கச்சி பேரு மேல இருக்கிற சந்தோஷத்துல ரெண்டு கதவு கூடுதலா அடிங்க."

கோடை வந்தது. துறைத்தலைவர் வழக்கம்போலக் காகிதத்தோடு வந்து, யார் தலையில் கட்டலாம் என்கிற முகத்தோடு நின்றார். "முகாம். துறைக்கு ஒருத்தர்."

"நான் போறேன்," என்றாள் பெரியவள்.

"எனக்குத்தான் சார் பழக்கம், நான் போறேன்," என்றாள் சின்னவள்.

"நீ போனதெல்லாம் போதும்டி. போய்ப் போய்த்தானே மேல ஏறினே."

"இனிமே அதுக்கும் சம்பளத்துக்கும் சம்பந்தமே இல்ல அண்ணி. யாருக்குமே வெட்டு கிடையாது. நீங்கதானே வாங்கிக் குடுத்தீங்க?"

"சம்பந்தம் இருக்கோ இல்லையோ. நாளைக்கு எது எதுல போய் ஒட்டும்னு யாருக்குத் தெரியும்? இனிமே நீ போற இடமெல்லாம் நானும் வருவேன்."

துறைத்தலைவர் தன் சர்வீஸில் இப்படி ஒரு சண்டையைப் பார்த்ததில்லை. "ரெண்டு பேருமே போங்கம்மா. கட்டைப் பாதிப் பாதியாப் பிரிச்சுக்குங்க, ஆளை விடுங்க," என்று ஓடிப்போனார்.

கொட்டகையில் தகரம் காய்ந்து நெடி அடித்தது. ஒரே பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். ஃபேன் ஒரு பக்கமாகத்தான் திரும்பியது, அதுவும் சின்னவள் பக்கம். பெரியவள் வேர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டு வேக வேகமாகத் திருத்தினாள். நடுநடுவே ஓரக்கண்ணால் பக்கத்துக் கட்டைப் பார்த்தாள். சின்னவள் ஒரு கட்டை முடித்துக் கயிறு கட்டி வைத்துவிட்டு அடுத்ததைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பெரியவள் முதல் கட்டிலேயே பாதி தாண்டவில்லை. பேனாவை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"அண்ணி," என்றாள் சின்னவள், தாளிலிருந்து தலையைத் தூக்காமல். "கழுத்து சிவந்திருக்கு."

"வெயில்டி."